அருளும் அங்காடியும்

உயிர்களிடத்து அருள் வேண்டும் என்பதை மறுப்பவர் எவரும் இலர். கோவிலிலும் பள்ளியிலும் மேடையிலும் அச்சொல் ஓயாது ஒலிக்கின்றது. ஆனால், அவ்வருள் எங்கே குடியிருக்கின்றது என்று கேட்டால், பெரும்பாலோர் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவர். நெஞ்சில் இருப்பது உண்மையானால் அது கையிலும் தெரிய வேண்டும் அல்லவா? இக்காலத்து மனிதனின் கை நாள்தோறும் மிகுதியாகச் செய்யும் செயல் எது? உழுவதன்று, நெய்வதன்று, வாங்குவதே ஆகும். காலையில் பசாரில் வாங்குகின்றான். நண்பகலில் ஒட்டுக்கடையில் வாங்குகின்றான். மாலையில் பேரங்காடியில் வாங்குகின்றான். விடுமுறை நாளில் தன் பொழுதுபோக்கையும் நுழைவுச் சீட்டாக வாங்கிக் கொள்கின்றான். ஆகவே, ஒருவனுடைய அருளின் அளவை அறிய வேண்டுமாயின், அவன் பேசும் பேச்சைக் காட்டிலும் அவன் தூக்கிவரும் பையைப் பார்ப்பதே தக்கது.

பிறந்தது முதல் இறக்கும்வரை ஓர் ஆட்டையோ கோழியையோ தன் கையால் கொல்லாமலேயே இன்று ஒருவன் வாழ்ந்து முடித்துவிடலாம். தோட்டப்புறத்து லயங்களில் வாழ்ந்த முன்னோர்க்கு அந்த வசதி இல்லை. வாசலில் வளர்த்த கோழியை அவர்களே அறுத்தனர். அறுபடும்போது அது எழுப்பிய ஓசையை அவர்தம் பிள்ளைகளும் கேட்டனர். இன்றைய நகரத்தார்க்கு அவ்வோசை கேட்பதில்லை. உயிர் எங்கோ பிரிகின்றது. உடல் மட்டும் துண்டாகி, உறையிடப்பட்டு, விலை ஒட்டப்பட்டுக் குளிர்ப்பெட்டியில் வந்து கிடக்கின்றது. "கொன்றவன் நான் அல்லேன்" என்று சொல்லிக்கொள்ள வாங்குபவனுக்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அச்சொல் அறத்தின் முன் நிற்குமா என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

பழைய வழக்கு

இவ்வினா இன்று தோன்றியதன்று. தமிழகத்தில் சமணரும் பௌத்தரும் சொற்போர் நிகழ்த்திய காலத்திலேயே இது எழுந்தது. கொல்வதே பாவம், பிறர் கொன்றதை உண்பதில் பாவமில்லை என்பது ஒரு சாரார் கொள்கை. உண்பவன் இருப்பதாலன்றோ கொல்பவன் இருக்கின்றான் என்பது மறு சாரார் வாதம். நீலகேசி என்னும் சமணக் காப்பியத்தில் இவ்வழக்கு விரிவாகப் பேசப்படுகின்றது.

திருவள்ளுவர் 26 ஆம் அதிகாரத்தைப் புலால் மறுத்தலுக்கும், 33 ஆம் அதிகாரத்தைக் கொல்லாமைக்கும் ஒதுக்கினார். புலால் மறுத்தலில் அவர் பாவ புண்ணியத்தோடு நின்றுவிடவில்லை, அங்காடிக்கே வந்துவிடுகின்றார். தின்பதற்காக உலகம் கொல்லாதிருக்குமானால், விலைக்காக ஊன் தருவாரும் இருக்கமாட்டார் என்பது அவர் காட்டும் முறை. வாங்குவதும் விற்பதும் ஒரே கயிற்றின் இரு முனைகள். ஒரு முனையை இழுப்பவன் மறு முனையில் நடப்பதற்குத் தனக்குத் தொடர்பில்லை என்று கூற இயலாது. பொருளியல் அறிஞர் பிற்காலத்தில் நூல் நூலாக எழுதியதை அவர் ஒரு குறளில் அடக்கிவிட்டார்.

வள்ளுவர் காலத்துக் கயிறு சிறியது. கொல்பவனும் வாங்குபவனும் ஒரே ஊரில் இருந்தனர். இன்று அக்கயிறு கடல் கடந்து நீண்டுவிட்டது. ஆஸ்திரேலியாவில் அறுபட்ட ஆடு மலேசியத் தீபாவளிக்கு வருகின்றது. நியூசிலாந்தில் கறந்த பால், மாவாகித் தகரப் பேணியில் அடைந்து, சிங்கப்பூர் அடுக்ககத்தின் அடுப்படிக்கு ஏறுகின்றது. கயிறு நீண்டதனால் பொறுப்புக் குறைந்துவிடவில்லை. அது கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று, அவ்வளவே.

சைவம் என்னும் சொல்

தமிழில் சைவம் என்ற சொல் சமயத்தையும் குறிக்கின்றது, உணவையும் குறிக்கின்றது. இஃது ஒரு பெருமையே. ஆயினும், இதனால் ஒரு மயக்கமும் நேர்ந்துள்ளது. அருள் என்பது சமையலறைக்குள் தொடங்கிச் சமையலறைக்குள்ளேயே முடிந்துவிடுவது போன்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. வெள்ளிக்கிழமையில் முட்டையைத் தொடாதவர், தோல் இடைவாரை இறுக்கிக்கொண்டே கோவிலுக்குச் செல்வர். வாசலில் அதைப் பற்றி ஒருவரும் வினவுவதில்லை. அவரும் தம்மை வினவிக்கொள்வதில்லை.

1944 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், இங்கிலாந்து நாட்டில் மரவேலை கற்பித்த ஆசிரியரான டொனால்டு வாட்சன் என்பவரும் அவர்தம் நண்பர் சிலரும் இந்த எல்லையைக் கடக்க முயன்றனர். இறைச்சியோடு பாலையும் முட்டையையும் விலக்கிய தம் வாழ்க்கை முறைக்கு 'வீகன்' என்று பெயரிட்டுச் சங்கம் கண்டனர். தமிழில் இதனை நனிசைவம் என்பர். நனி என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். உணவிலும் உடையிலும் பிற எப்பயன்பாட்டிலும் விலங்குகளை வருத்துவதையும் சுரண்டுவதையும், இயன்ற மட்டும் நடைமுறைக்கு ஏற்ற மட்டும் விலக்குதல் என்று 1979 ஆம் ஆண்டில் அச்சங்கம் தன் கொள்கையை வரையறுத்தது. 'இயன்ற மட்டும்' என்ற அத்தொடரே அவ்வரையறையின் உயிர்நாடி எனலாம். தம்மால் இயன்ற வகையில் அறத்தை விடாது செய்க என்ற குறள்நெறிக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

பாலில் கலந்த வினா

தமிழர்க்கு இந்நெறியில் மிகக் கடினமான படி பாலே. இறைச்சியை விட்டவர் பலர். பாலை விடுவோர் மிகச் சிலர். பால் தூய்மையின் சின்னம், தாய்மையின் சின்னம், திருமுழுக்கிற்கு உரிய பொருள். 1892 ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வரும் பத்துமலையில், பல நாள் புலால் நீத்து நோன்பிருந்த அடியார்கள் பால்குடம் ஏந்தி 272 படிகளை ஏறுகின்றனர். அவர்தம் பக்தியின் மேன்மையில் ஐயம் கொள்வார் இலர். ஆயினும், அக்குடத்துப் பால் வந்த வழியை எண்ணிப் பார்ப்பது பக்திக்கு மாறாகாது.

முன்னாளில் தோட்டத் தொழிலாளர் பலர் லயத்தின் பின்புறம் பசு வளர்த்தனர். அதற்குப் பெயர் இருந்தது. புல்லறுத்துப் போட்டவரும் பால் கறந்தவரும் ஒருவரே. கன்று குடித்தது போக எஞ்சியதே குடும்பத்திற்கும் விற்பனைக்கும் என்ற முறையை நல்லவர்கள் பேணினர். இன்று பெரும்பாலோர் வாங்கும் பால் அத்தகைய கொட்டிலிலிருந்து வருவதன்று. ஈன்றாலன்றிப் பசு பால் சுரக்காது. ஆகவே, பெரும் பண்ணைகளில் அது மீண்டும் மீண்டும் சினைப்படுத்தப்படுகின்றது. பிறந்த கன்று விரைவில் தாயினின்றும் பிரிக்கப்படுகின்றது. ஆண் கன்று பால் தராது. ஆதலால், அதற்கு அங்கே இடமில்லை. நியூசிலாந்துப் பண்ணைகளில் அத்தகைய கன்றுகள் பல, பிறந்து சில நாள்களிலேயே கொலைக்களத்திற்கு அனுப்பப்படுகின்றன. பால் தருவதை நிறுத்திய பசுவின் இறுதியும் அதுவே. பாலையும் இறைச்சியையும் இருவேறு உலகங்கள் என்று எண்ணுவது பழைய கொட்டிலை நினைவில் வைத்துக்கொண்டு புதிய பண்ணையைப் பாராதிருப்பதால் வரும் பிழை.

அடியார் தம் பால்குடத்தை இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. அதை முடிவு செய்ய வேண்டியவர் அவரே. ஆனால், நோன்பின் நோக்கம் ஓர் உயிரையும் வருத்தாமை என்றால், கறியை விலக்கிய கண்ணோடு பாலையும் ஒருமுறை பார்த்தல் கடமையாகும். பார்த்த பின், வீட்டில் நாள்தோறும் கலக்கும் தேநீரில் பாலைக் குறைப்பவர் ஒருவர். அதனை முற்றிலும் விட்டுத் தே ஓ அருந்துபவர் ஒருவர். கன்றை வருத்தாத கொட்டிலைத் தேடிச் சென்று வாங்குபவர் மற்றொருவர். எதையும் பாராமல் இருப்பவரைவிட இம்மூவரும் மேலானவரே.

உறையைப் படித்தல்

கடைத்தெருவில் இவ்வினா இன்னும் நுட்பமாகின்றது. திருமணப் பட்டுச்சேலை மங்கலப் பொருளாகும். பட்டுப்புழு தன்னைச் சுற்றி நூற்ற கூட்டில், அறுந்து போகாத ஒரே இழை 600 முதல் 900 மீட்டர் வரை நீளும். புழு அந்துப்பூச்சியாகி வெளியேறினால் அவ்விழை அறுபடும். ஆதலால், புழு உள்ளிருக்கும்போதே கூடு வெந்நீரிலோ ஆவியிலோ இடப்படுகின்றது. ஒரு சேலைக்கு இவ்வாறு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். உதட்டுச் சாயத்திலும் இனிப்புகளிலும் சேரும் ஒரு வகைச் சிவப்பு நிறம் பூச்சியை உலர்த்தி எடுப்பது. இ120 என்ற எண்ணால் அது குறிக்கப்படும். மருந்துக் குளிகையின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலும் தோலிலும் காய்ச்சிய ஜெலட்டினால் ஆனது. சைவம் என்று நம்பி உண்ணும் சம்பலிலும் சிற்றிறாலை அரைத்துச் செய்த பெலாச்சான் கலந்திருத்தல் கூடும்.

"இவற்றையெல்லாம் பார்த்து வாங்குவது நடக்கக்கூடியதா?" என்று சிலர் வினவுவர். நடக்கக்கூடியதே என்பதற்குச் சான்று அடுத்த வீட்டிலேயே இருக்கின்றது. ஓர் இனிப்புப் பொட்டலத்தை எடுத்தால் முதலில் அதன் உறையைத் திருப்பிப் பார்ப்பது இந்நாட்டு முஸ்லிம் பெருமக்களின் வழக்கம். 1974 ஆம் ஆண்டிலேயே மலேசியாவில் ஹலால் சான்றளிப்புத் தொடங்கியது. ஒரு சமுதாயம் தான் வாங்கும் பொருளின் மூலத்தை அறிய வேண்டும் என்று உறுதியாக நின்றது. ஆலைகளும் கடைகளும் அதற்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டன. வாங்குவோரின் மனச்சான்று விற்போரின் வழக்கத்தை மாற்றும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை. காரணங்கள் வேறாகலாம், கற்க வேண்டிய ஒழுக்கம் ஒன்றே.

ஓய்வும் ஓர் அறமே

பொழுதுபோக்கில் அறத்தை நுழைப்பது பலருக்குப் பிடிப்பதில்லை. உழைத்துக் களைத்தவனுக்கு ஓய்விலாவது விடுதலை வேண்டாமா என்பர். வேண்டும். ஆனால், ஒருவனுடைய ஓய்வு மற்றோர் உயிரின் துன்பமாக அமையலாமா? திறந்த வெளியில் பாட வேண்டிய மெர்போக் பறவை, கூண்டில் அடைபட்டுப் போட்டியில் பாடுகின்றது. குளத்தருகே தூண்டிலோடு அமர்ந்திருப்பவனுக்கு அமைதி. முள்ளில் மாட்டிய மீனுக்கு அமைதி இல்லை.

திரெங்கானு மாநிலத்து ரந்தாவ் அபாங் கடற்கரை இதற்கு மறக்கலாகாத சான்றாகும். மலாய் மொழியில் பென்யு பெலிம்பிங் எனப்படும் ஏழுவரி ஆமைகள், 1950 களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 கூடுகளை அம்மணலில் இட்டன. அவற்றைக் காண மக்கள் திரண்டனர். முட்டையிடும் ஆமையின் மேல் விளக்கைப் பாய்ச்சினர். சிலர் அதன் முதுகில் ஏறி அமர்ந்து படமும் எடுத்துக்கொண்டனர். முட்டைகள் அங்காடியில் விலையாயின. ஆழ்கடலில் மீன்வலைகளும் அவற்றைப் பலிகொண்டன. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் அவ்வாமைகள் அக்கரைக்கு வருவது அற்றுப்போகும் நிலையை அடைந்தது. எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் திரெங்கானு தடை விதித்தது 2022 ஆம் ஆண்டில்தான். ஆமையைக் கொல்ல வேண்டும் என்று எண்ணி அங்குச் சென்றவர் ஒருவருமில்லை. வேடிக்கை பார்க்கச் சென்றனர். சில வெள்ளி கொடுத்து முட்டை வாங்கினர். தீய எண்ணம் சிறிதுமின்றியே ஒரு பேரிழப்பு நேர்ந்துவிட்டது. எண்ணிப் பாராத நல்லவர்கள் பலர் கூடினால், தீயவன் ஒருவன் செய்வதைக் காட்டிலும் மிகுந்த தீங்கு விளையும்.

சிங்கப்பூரில் 1842 ஆம் ஆண்டு தொடங்கிய குதிரைப் பந்தயக் கழகத்தின் இறுதிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 ஆம் நாள் கிராஞ்சியில் நடந்தது. குதிரைகளின் பால் கொண்ட இரக்கத்தால் அது நிற்கவில்லை. வீடுகளுக்கும் பிற தேவைகளுக்கும் நிலம் வேண்டியிருந்ததால் நின்றது. நன்மை எவ்வழியில் வந்தாலும் நன்மையே. ஆயினும், நிலத்தின் விலையால் நின்றது நிலத்தின் விலையால் மீளவும் கூடும். மனமாற்றத்தால் நிற்பதே நிலைத்து நிற்கும்.

தடைகளும் விடைகளும்

இந்நெறிக்கு எதிராகக் கூறப்படுவனவற்றைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. செடிகொடியை மட்டும் நம்பி வாழ்ந்தாலும் உயிர்க்கொலை முற்றும் நீங்குவதில்லை என்பது முதல் தடை. இஃது உண்மையே. செம்பனை எண்ணெயில் விலங்கின் கலப்பு இல்லை. ஆனால், அம்மரத்திற்காகக் காடுகள் அழிந்தபோது சபாவிலும் சரவாக்கிலும் ஓராங் ஊத்தான்கள் தம் இருப்பிடத்தை இழந்தன. அதுமட்டுமன்று. அத்தோட்டங்களில் முதுகில் கொள்கலனைச் சுமந்து பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் தெளித்தவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். அவர்கள் கையாண்ட பராகுவாட் என்னும் நச்சு மருந்து, 2020 ஜனவரி முதல் நாளில்தான் மலேசியாவில் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. விலங்கின் கொழுப்பு இல்லை என்று மகிழ்ந்து வாங்கும் வழலைக்கட்டியில் ஒரு பெண்ணின் நோய் கலந்திருக்குமானால், அதனைத் தூய்மை என்று அழைப்பது எப்படி? ஆகவே, மனிதனை விலக்கிய அருள் அருளாகாது. ஆனால், முற்றும் நீக்க இயலாது என்பதால் குறைக்கவும் வேண்டாம் என்று முடிப்பது அறிவுடைமை அன்று. பொய்யே கலவாத வாழ்க்கை அரிது என்பதற்காக, வாய்மையைக் கற்பிப்பதை எந்தப் பள்ளியும் நிறுத்திவிடவில்லை.

உடல்நலம் பற்றியது இரண்டாம் தடை. பருப்பும் பயறும் கீரையும் தெம்பேயும் வேண்டிய சத்துகளில் பெரும்பகுதியைத் தரும். ஆயினும், பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் போதிய அளவு இல்லை. அதைச் செறிவூட்டிய உணவாகவோ மாத்திரையாகவோ கொள்ள வேண்டும். வளரும் குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கலந்தே உணவை மாற்ற வேண்டும். நோயாளி தனக்குரிய குளிகையை அதன் உறைக்காக மறுத்தல் வேண்டுவதில்லை. தன் உயிரும் ஓர் உயிரே.

ஏழ்மை மூன்றாம் தடை. கருவாட்டுக் குழம்பால் பிள்ளைகளின் பசியாற்றிய தோட்டத்துத் தாயைக் குறை கூறும் உரிமை எவருக்கும் இல்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மிகுந்தவனுக்கே கடமையும் மிகுதி. பத்து வகைப் பொருளை எதிரில் வைத்துக்கொண்டு ஒன்றை எடுப்பவன் கையிலேதான் அறத்தின் பாரம் அழுத்தமாக இறங்குகின்றது.

செருக்கு என்னும் புலால்

இவை எல்லாவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. புலாலை விட்டவன் செருக்கைப் பிடித்துக்கொள்வதே அது. தமிழ்ச் சமுதாயத்தில் உணவு நெடுங்காலம் சாதியின் அளவுகோலாகப் பயன்பட்டது. இன்னதை உண்பவன் உயர்ந்தவன், இன்னதை உண்பவன் தாழ்ந்தவன் என்று கூறி மனிதனை வாசலில் நிறுத்திய கொடுமை, ஆட்டுக்குக் காட்டிய இரக்கத்தால் கழுவப்படுவதன்று. உயிரிரக்கத்தின் பெயரால் அந்தப் பழைய வேலி மீண்டும் எழுமானால், அது நனிசைவமும் ஆகாது, சைவமும் ஆகாது.

பல இனத்தார் கூடி வாழும் நாட்டில் இவ்விழிப்பு இன்னும் தேவை. நோன்புப் பெருநாளில் மலாய் நண்பர் தம் இல்லத்திற்கு அழைக்கின்றார். மேசையில் ரெண்டாங் இருக்கின்றது. இறைச்சி உண்ணாதவர் முகஞ்சுளித்து விலகினால், ஓர் உயிரையும் அவர் காத்தவராகார். ஒரு நட்பை மட்டும் கொன்றவராவார். தென்னங்கீற்றில் பொதிந்து வேகவைத்த கெத்துப்பாட்டும், மூங்கிலில் சுட்ட லெமாங்கும் அதே மேசையில் இருக்கின்றன. அவற்றை மகிழ்ந்து உண்டு, மற்றதைப் புன்னகையோடு தவிர்த்தால், விருந்தளித்தவரே காரணம் கேட்பார். அவர் கேட்கும்போது சொல்லப்படும் சொல்லுக்கு இருக்கும் ஆற்றல், கேளாதவரிடம் சொல்லும் அறிவுரைக்கு இராது.

வள்ளலார் இதனை நன்கு உணர்ந்திருந்தார். கொலையும் புலையும் தவிர்க்க வேண்டும் என்று ஓயாது வலியுறுத்திய அவர், 1867 ஆம் ஆண்டு வடலூரில் தருமசாலையை நிறுவியது பசித்த மனிதர்க்குச் சோறிடவே. சாதி பாராமல், சமயம் பாராமல் அங்கே உணவு வழங்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. விலங்கின் துன்பத்திற்கு உருகும் நெஞ்சமும் மனிதனின் பசிக்கு உருகும் நெஞ்சமும் இரண்டல்ல என்பதே அவ்வடுப்பு உணர்த்தும் பொருளாகும்.

ஆகவே, நனிசைவம் என்பதை ஒரு பட்டமாகக் கொள்ளாமல் ஒரு வினாவாகக் கொள்வதே சிறப்பு. பொருளைக் கையில் எடுக்கும்போது, "இதற்காக வருந்தியவர் யார்? இஃது இல்லாமல் என் வாழ்வு நடவாதா?" என்று கேட்டுக்கொள்வதற்கு ஒரு நொடி போதும். எல்லாப் பொருளையும் விலக்கிவிட ஒருவராலும் இயலாது. ஆனால், எதையும் விலக்க இயலாதவர் என்று எவரும் இலர். இன்று ஒன்றை விட்டவர் நாளை மற்றொன்றைக் காண்பார். பிள்ளைகளும் அதனைக் கண்டு வளர்வர்; ஏனெனில், இளையோர் பெரியோரின் அறிவுரையைக் காட்டிலும் அவர் வாங்கி வருவதையே கூர்ந்து நோக்குகின்றனர். அருள் நெஞ்சில் பிறப்பது உண்மையே. ஆனால், அது கைக்கு இறங்கி வரும் நாளில்தான் வாயற்ற உயிர்களுக்கு அதனால் பயன் விளையும்.